கிரேக்கத்தில் ஒரு மூலையில் அம்மா இன்னும் 'மாத்தி', அப்பா மட்டும் 'எஜமான்'

கேள்வி (ஒரு வாசகர், 6 ஜனவரி 2024)
எந்த மொழியிலும் கடைசிவரை மாறாமல் நிற்பவை உறவுச் சொற்கள்தான் என்கிறேன். வேளாண்மைச் சொல், கருவிச் சொல் எல்லாம் வரும், போகும். அம்மா, அப்பா, அண்ணன், தம்பி போகாது. கிரேக்கத்தைப் பாருங்கள், 2,500 வருஷமாக பாத்தேர், மாத்தேர் அப்படியே இருக்கின்றன. கப்பலில் இருந்த அண்ணனுக்குக் கிரேக்கம் தெரியுமே, சரிதானா?

6 ஜனவரி, இரவு
பாதி சரி, பாதி தப்பு. தப்பான பாதிதான் சுவாரசியம்.

நான் கிரேக்கம் படித்தது புத்தகத்தில் இல்லை. கிரேக்க முதலாளிகளின் சரக்குக் கப்பல்களில் 11 வருஷம் இன்ஜின் ரூமில் இருந்தேன். அதில் 3 காண்ட்ராக்ட் ஒரே போசனோடு (டெக் ஆட்களின் மேஸ்திரி). அவர் ஊர் தீரோஸ். கிரேக்கத்தின் தெற்கே உள்ள பெலொப்பொனேஸ் தீபகற்பத்தின் கிழக்குக் கரை, பின்னால் பார்னோன் மலை, முன்னால் கடல். அந்தக் கரையில் தீரோஸ், லெயோனீதியோ, மலைமேல் கஸ்தானித்சா, சித்தேனா என்று சில ஊர்களில்தான் சக்கோனிய மொழி பேசுகிறார்கள். அந்தப் பெயரின் முதல் எழுத்தை 'ட்ஸ' என்று படித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏதென்ஸ் கிரேக்கம் ஓரளவு காதில் ஏறிய பிறகு ஒருநாள், சிங்கப்பூர் வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். மெஸ் ரூமில் போசன் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. முடித்ததும் கேட்டேன். "அ மாத்தி மி" என்றார். என் அம்மா. ஏதென்ஸ்காரர் "இ மித்தேரா மு" என்பார். மூன்று சொல்லில் மூன்றும் வேறு.

7 ஜனவரி
நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டுவிட்டேன்.

பழைய கிரேக்கத்தில் அம்மாவுக்கு ஏதென்ஸ் வட்டாரத்தில் 'மேதேர்', ஸ்பார்ட்டா முதலான தோரிய வட்டாரங்களில் 'மாதேர்'. மூல ஒலி 'மா'தான். ஏதென்ஸ்தான் அதை 'மே' ஆக்கியது, பிற்காலத்தில் அது 'மீ' ஆனது. அதனால் இன்றைய பொதுக் கிரேக்கத்தில் மித்தேரா. சக்கோனியம் தோரியத்தின் பிள்ளை, ஆகவே 'மா' அப்படியே நிற்கிறது. பெண்பாலுக்கு முன்னால் வரும் சுட்டுச் சொல்லும் அதேபோலத்தான், ஏதென்ஸில் 'இ', இங்கே 'அ'. கிரேக்கத்தில் அம்மா என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள், 'அந்த அம்மா என்' என்ற வரிசையில்தான் வரும்.

நமக்கு 'மாதா' சமஸ்கிருதம் வழியாக வந்தது. அந்த மாதாவும் இந்த மாத்தியும் ஒரே வேரில் கிளைத்தவை. வேளாங்கண்ணி மாதா என்று தினமும் சொல்லும் தூத்துக்குடிக்காரனுக்கு, மெஸ் ரூமில் அந்த 'மா' காதில் விழுந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

7 ஜனவரி, மாலை
ஒரு திருத்தம். "அப்படியே நிற்கிறது" என்றது கொஞ்சம் கூடுதல். 'மா' நிற்கிறது. கடைசி 'ர்' போய்விட்டது, நடு 'ஏ' சுருங்கி 'இ' ஆகிவிட்டது. மாதேர், மாத்தி. ஆற்றில் உருண்ட கல் மாதிரி, கல் அதே கல், முனை இல்லை.

9 ஜனவரி
மகளுக்கு 'சாத்தி'.

இது என்னை ரொம்ப நாள் குழப்பியது. பழைய சொல் 'துகாத்தேர்'. (நம் புலவர்கள் எடுத்தாண்ட 'துகிதை'யும் இதன் உறவுதான்.) துகாத்தேர் எப்படி சாத்தி ஆகும்? ஸ்பார்ட்டாக்காரர்கள் 'த' வரவேண்டிய இடத்தில் 'ஸ' போட்டுப் பேசுவார்கள். கடவுளுக்கு ஏதென்ஸ்காரர் 'தெயோஸ்' என்றால் இவர்கள் 'சியோஸ்'. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் மேடையில் இதை வைத்தே ஸ்பார்ட்டா பாத்திரங்களைக் காட்டியிருக்கிறார்கள், நம் சினிமாவில் கோயம்புத்தூர் பேச்சை வைப்பதுபோல. அந்த 'ஸ'தான் சாத்தியின் முதல் எழுத்து. நடுவில் 'க' தேய்ந்தது, கடைசி 'ர்' வழக்கம்போல உதிர்ந்தது.

இன்றைய ஏதென்ஸில் மகளுக்கு 'கோரி' என்பார்கள், பெண்பிள்ளை என்று அர்த்தம். துகாத்தேர் அங்கே பத்திரத்திலும் பாரம் நிரப்பும்போதும்தான் எட்டிப்பார்க்கும். ஆனால் விளிம்புகளைப் பாருங்கள். தென் இத்தாலியில் சலேந்தோ பகுதியில் கிரீக்கோ என்ற வட்டாரக் கிரேக்கம் பேசுகிறவர்கள் 'கியத்தேரா'. கலாப்ரியாவில் 'திஹத்தேரா'. கருங்கடல் கரையிலிருந்து 1923 மக்கள் பரிமாற்றத்தில் கிரேக்கத்துக்கு வந்த பொந்தியர்களிடம் 'தகத்தேரா'. நடுவில் இருப்பவன் மாற்றிக்கொண்டான், ஓரத்தில் இருப்பவன் வைத்துக்கொண்டான்.

10 ஜனவரி
இப்போது அப்பா. சக்கோனியத்தில் அப்பாவுக்கு 'அஃபெங்கி'. பாத்தேர் எங்கே?

அஃபெங்கி வந்த வழி இது. பழைய கிரேக்கத்தில் 'அவுத்தெந்தேஸ்' என்றால் தன் கையாலேயே செய்கிறவன். சோக நாடகங்களில் கொலைகாரனைக்கூடக் குறித்தது. பிறகு அதிகாரம் உள்ளவன், எஜமான். பைசாந்தியக் காலத்துப் பேச்சில் 'அஃபெந்திஸ்'. அதையே துருக்கியர் எடுத்து 'எஃபெந்தி' ஆக்கினார்கள். ஆக, போசன் தன் அப்பாவை அழைத்தபோது ஒவ்வொரு முறையும் எஜமானே என்றுதான் அழைத்திருக்கிறார். இவர்கள் சொல்லும் கர்த்தர் ஜெபமே 'அஃபெங்கி நாமு' என்றுதான் தொடங்கும். எங்கள் தந்தையே.

அதே ஜெபத்தில் ரொட்டிக்கு 'ஆந்தே' வரும். அது பழைய 'ஆர்த்தோஸ்'. ஏதென்ஸ்காரன் கடையில் 'ப்சோமி' கேட்பான். எவ்வளவு பழசை வைத்திருக்கிறார்கள், அப்பாவை மட்டும் மாற்றிவிட்டார்கள்!

10 ஜனவரி, இரவு
தோன்றிய ஒரு விளக்கம். ஆண்கள் கடலுக்குப் போனார்கள், பெண்கள் ஊரில் இருந்தார்கள். வீட்டுக்குள் இருந்த பெண்களைக் குறிக்கும் சொற்கள் (மாத்தி, சாத்தி) பழசாகவே தங்கின. வெளியே போன ஆணின் சொல்லை வெளியுலகம் மாற்றியது. மனைவிக்கும் பாருங்கள், ஏதென்ஸில் 'யினேக்கா', இங்கே 'கூனேக்கா', பழைய 'ஊ' ஒலி அப்படியே. பொருந்துகிறது இல்லையா?

11 ஜனவரி
பொருந்தவில்லை. ஒரு வாசகர் நேராகக் கேட்டுவிட்டார், "மகனுக்கும் சகோதரனுக்கும் என்ன சொல்கிறார்கள்?" என்று.

மகன் 'இஸே', பழைய 'ஹியோஸ்' தேய்ந்தது. சகோதரன் 'அதீ', பழைய 'அதெல்ஃபோஸ்' தேய்ந்தது. இரண்டும் ஆண்கள், இரண்டும் பழைய சொற்கள். நேற்று ராத்திரி எழுதியதை எடுத்துக்கொள்கிறேன். பெண் சொல், ஆண் சொல் என்ற பிரிவே இல்லை. வீட்டில் எல்லாரும் பழைய பெயரோடு இருக்கிறார்கள், ஒரே ஒருவர் மட்டும் பதவிப் பெயர் வாங்கிக்கொண்டார்.

மற்ற வட்டாரங்களைப் புரட்டினால் இது இன்னும் உறுதியாகிறது. 'கீரியோஸ்' என்றால் ஆண்டவன், தலைவன். அதிலிருந்து சைப்ரஸில் அப்பாவுக்கு 'ஜீரிஸ்', பொந்தியர்களிடம் 'கீரிஸ்', கிரீக்கோவில் 'சூரி'. நாலு திசையில் நாலு கூட்டம், இடையே மலையும் கடலும். அப்பா என்று வந்ததும் நாலு பேரும் கைவைத்தது தலைவன் என்ற சொல்லில். ஏதென்ஸில் பாத்தேராஸ் இருக்கிறார் என்பீர்கள். இருக்கிறார், ஆனால் பிள்ளைகள் கூப்பிடுவது 'பபா'. அது துருக்கிய 'பாபா' என்பதே பல அகராதிகளின் கருத்து.

கேள்வி கேட்ட தம்பிக்கு: பாத்தேரும் மாத்தேரும் அப்படியே இருக்கின்றன என்றீர்களே, மாத்தேர் ஒரு மூலையில் இருக்கிறது. பாத்தேர் அந்த மூலையிலும் இல்லை.

12 ஜனவரி
யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "நாங்கள் அப்பாவை ஐயா எண்டுதான் கூப்பிடுவம். கடைசிவரைக்கும் ஐயாதான்."

எங்கள் பக்கமும் என் அப்பா தலைமுறை தங்கள் அப்பாவை ஐயா என்றுதான் அழைத்தது. 'ஐ' என்றால் தலைவன். அம்மாவுக்கு அப்படி ஒரு பதவி யாரும் கொடுக்கவில்லை, அம்மா அம்மாதான். இதை இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை. என் அப்பா பத்தாவது வயதில் திண்ணையில் நின்றுகொண்டு "ஐயா, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டதை அத்தை நடித்துக்காட்டுவார். தீரோஸில் ஒரு பையன் அதே மாதிரி அஃபெங்கி என்று கூப்பிட்டிருப்பான்.

15 ஜனவரி
அதெல்ஃபோஸ் பற்றிக் கேட்டவர்களுக்கு. இதற்குத் தனியாக உட்கார வேண்டும், ஏனென்றால் எனக்கு இந்த மொழியிலேயே ரொம்பப் பிடித்த சொல் இது.

சகோதரனுக்கு ஆதியில் இருந்த சொல் 'ஃப்ராத்தேர்'. சமஸ்கிருதத்தில் 'ப்ராதா', ஆங்கிலத்தில் 'பிரதர்', எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் கிரேக்கர்கள் அந்தச் சொல்லைக் குலச் சங்கத்தின் உறுப்பினனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஃப்ராத்ரியாவைச் சேர்ந்தவன் ஃப்ராத்தேர். அப்போது கூடப் பிறந்தவனை எப்படிச் சொல்வது? புதுச் சொல் செய்தார்கள். 'அ' என்றால் ஒரே, 'தெல்ஃபுஸ்' என்றால் கருப்பை. ஒரே கருப்பையில் வந்தவன், அதெல்ஃபோஸ்.

இப்போது 'சகோதரன்' என்பதைப் பிரியுங்கள். சக, உதரம். உடன், வயிறு. அதே யோசனை!

இன்னொன்றும் உண்டு. அந்த 'அ'வும் 'சக'வின் 'ச'வும் ஒரே மூலம். 'தெல்ஃபுஸ்' என்பதற்கும் நம் 'கர்ப்ப'த்துக்கும் உறவு சொல்கிறார்கள் வேர்ச்சொல் ஆய்வாளர்கள். சமஸ்கிருதத்தில் 'சகர்ப்ய' என்று கூடப்பிறந்தவனுக்கு ஒரு சொல் உண்டு, அது அதெல்ஃபோஸின் நேர் இரட்டை. தமிழில் 'உடன்பிறப்பு' இருக்கிறது, கடன் வாங்காமலே அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்த சொல்.

இத்தனை பெரிய சொல் பார்னோன் மலைக்குக் கீழே வந்து 'அதீ' என்று இரண்டு எழுத்தாகிவிட்டது. சகோதரிக்கு 'அதியா'. 'த'வை 'திங்க்' என்பதில் வருவதுபோலச் சொல்லுங்கள். சைப்ரஸில் வேறு மாதிரி தேய்ந்தது. அங்கே உயிர் ஒலிகளுக்கு நடுவில் வரும் மெல்லிய 'த' விழுந்துவிடும். ஆகவே 'அர்ஃபோஸ்', 'அர்ஃபி'.

15 ஜனவரி, பின்னிரவு
மறந்துவிட்டேன். அண்ணன், தம்பி என்று தனித்தனி கிடையாது. அதியா என்றால் அக்காவா தங்கையா என்று போசனிடம் கேட்டேன். "பெரியவள்" என்று சேர்த்துச் சொன்னார். அவருக்கு அது கூடுதல் தகவல். எனக்கு அது இல்லாமல் வாக்கியமே முடியாது.

18 ஜனவரி
இலக்கணம் வேண்டும் என்று இருவர் கேட்டார்கள். என்/உன்/அவன் மட்டும் சொல்கிறேன்.

சக்கோனியத்தில் மாத்தி மி, மாத்தி ந்தி, மாத்தி சி: என் அம்மா, உன் அம்மா, அவன் அல்லது அவள் அம்மா. பன்மையில் நாமு, நியூமு, சு: எங்கள், உங்கள், அவர்கள். இங்கே ஒரு வம்பு இருக்கிறது. ஏதென்ஸ் கிரேக்கத்தில் 'சு' என்றால் 'உன்'. போசன் அவர் ஊர்க்காரர் ஒருவரிடம் யாரோ பிள்ளைகளைப் பற்றி "அ மாத்தி சு" என்று பேசிக்கொண்டிருந்தார், அவர்கள் அம்மா என்று. பக்கத்தில் இருந்த ஏதென்ஸ் எலக்ட்ரீஷியன் திரும்பிப் பார்த்தார், எதற்கு இவன் அம்மாவை இழுக்கிறான் என்று.

இந்த ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். பழந்தமிழில் முன்னால் ஒட்டியது: எந்தை, நுந்தை, தந்தை. யாய், ஞாய், தாய். இன்று தந்தை, தாய் என்ற மூன்றாம் ஆள் வடிவங்கள் மட்டும் பொதுச் சொல்லாக நின்று, என் தந்தை என்று மறுபடி ஒரு 'என்' கேட்கின்றன.

18 ஜனவரி, தொடர்ச்சி
இது என் சொந்தக் கதை. கிரேக்கம் பேச ஆரம்பித்த புதிதில் போசனிடம் அம்மா பற்றிச் சொன்னேன். "எங்க அம்மா" என்று மனசுக்குள் ஓடியதால் "இ மானா மாஸ்" என்றேன். எங்கள் அம்மா. அவர் காபி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தார். மெஸ் ரூமில் நாங்கள் இருவர்தான். "யாருடைய அம்மா? உனக்கும் எனக்குமா?" என்றார்.

ஒரே பிள்ளையாக இருந்தாலும் நாம் எங்க அம்மா, எங்க வீடு என்போம். அவர்களுக்கு எங்கள் என்றால் இன்னொருவர் நிஜமாகவே கூட இருக்க வேண்டும். ஒரு மாதம் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார், அவர் மொழியில், அதீ என்று.

23 ஜனவரி
இதுவும் வீட்டுப் பேச்சில் காதில் விழுந்ததுதான். போன் ஸ்பீக்கரில் போசனும் அவர் அக்காவும் பேசும்போது, அவர் "எனி ஒரூ" என்றார், அக்கா "எனி ஒரூஆ" என்றார். இரண்டுக்கும் 'பார்க்கிறேன்' என்றே பொருள். நிகழ்கால வினையை இவர்கள் 'இரு' வினையோடு எச்சம் சேர்த்துச் செய்கிறார்கள், அந்த எச்சம் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்று காட்டும். ஏதென்ஸில் 'வ்லேப்போ' என்று யார் சொன்னாலும் ஒன்றே. நம் 'பார்க்கிறேன்' போல. கப்பலில் என்னோடு இருந்த பீகார் பையனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இந்தியில் தேக்தா ஹூம், தேக்தீ ஹூம். உடனே பிடித்துக்கொண்டான்.

2 பிப்ரவரி
சம்பந்தி!

இதை எப்படி இத்தனை நாள் எழுதாமல் விட்டேன். போசனுடைய சாத்திக்குக் கல்யாணம் பேசி முடித்த சமயம். "சிம்பெத்தெரோஸ்" கூப்பிடுகிறார் என்று போனை எடுத்துக்கொண்டு டெக்குக்கு ஓடினார். திரும்பி வந்து அந்தச் சொல்லை எனக்கு விளக்க ஆரம்பித்தார், மகளின் மாமனார், அதாவது எனக்கு அவர் என்று கையால் கோடு போட்டு. ஆங்கிலத்தில் சொல் இல்லாததால் திணறினார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். எங்களுக்கு இருக்கிறது. சம்பந்தி.

'பெத்தெரோஸ்' என்றால் மாமனார். பழைய வடிவம் 'பெந்தெரோஸ்'. கட்டு என்ற பொருளுள்ள வேர். அதே வேர்தான் சமஸ்கிருதத்தில் பந்தம், பந்து. கல்யாணத்தால் கட்டப்பட்டவர். சிம், பெந்தெரோஸ். சம், பந்தி. அவருக்கு இதைச் சொன்னதும் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், சம்பந்தி, சம்பந்தி என்று.

3 பிப்ரவரி
நேற்றைய குறிப்பில் ஒரு சறுக்கல். 'சிம்'மும் 'சம்'மும் ஒன்று என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்கள். பொருள் ஒன்று, பிறப்பு வேறு. சம்ஸ்கிருத 'சம்'முக்குக் கிரேக்கத்தில் உறவு 'ஹோமோஸ்' என்ற சொல்லும், முன்பு பார்த்த அதெல்ஃபோஸின் 'அ'வும். பின்பாதியான பெந்தெரோஸும் பந்தும்தான் இங்கே நிஜமான உறவு. முன்பாதி பார்க்க ஒரே சாயல், அவ்வளவுதான்.

4 பிப்ரவரி
"பாட்டிக்கு?" என்று கேட்டவருக்கு: சைப்ரஸில் 'ஸ்தெதே'. பொந்தியத்தில் 'கலொமானா', நல்ல அம்மா. ஏதென்ஸ் பக்கம் கல்லித்தேயாவில் பொந்தியக் குடும்பங்கள் நிறைய. அங்கே நான் முடிவெட்டிக்கொண்ட கடையில் வாயைத் திறந்தால் கலொமானாதான், கலொமானா சமையல், கலொமானா சாபம். சைப்ரஸின் லிமாசோல் அலுவலகத்தில் ஒரு அம்மா அத்தையைக் குறிக்க 'த்கியா' என்பார். ஏதென்ஸில் 'தியா'. மெய்க்குப் பின்னால் வரும் 'ய' அங்கே 'க்' ஆக இறுகிவிடும்.

19 பிப்ரவரி
இத்தனை எழுதினேன், இந்த மொழி இன்று இருக்கும் நிலையைச் சொல்லவில்லை. யுனெஸ்கோ இதை மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ளதாக வகைப்படுத்தியிருக்கிறது. நன்றாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். துருக்கியின் மர்மரா கடல் கரையில் இன்னொரு கிளை இருந்தது, 1920களின் இடப்பெயர்வுக்குப் பிறகு அது முழுசாகப் போய்விட்டது. போசன் பள்ளியில் மாத்தி என்று சொன்னதற்காக வெளியே நிறுத்தப்பட்டவர். வாத்தியார் "மனுஷர் பேசுகிற மாதிரி பேசு" என்றாராம். அம்மாவின் பெயரை மாற்றச் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை, எனக்குத்தான் கை நடுங்கியது.

லெயோனீதியோவில் இப்போது ஒரு பலகை இருக்கிறது, இரண்டு மொழியிலும். முதல் வரி 'க்ரூசா நாமு', எங்கள் மொழி, சக்கோனியம். கேளுங்கள், உங்களோடு பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

26 பிப்ரவரி
நேற்று ஞாயிறு. போசனுக்குப் போன் செய்தேன், ஓய்வு பெற்று ஊரில் இருக்கிறார். அக்கா வந்திருந்தார். இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். அஃபெங்கி என்றால் எஜமான் என்று தெரியுமா என்று கேட்டேன். அக்கா முந்திக்கொண்டு, தெரியும், ஆனால் கூப்பிடும்போது அப்பா முகம்தான் வரும் என்றார்.

அப்புறம் அவர்கள் இருவரும் என்னை மறந்துவிட்டுத் தங்கள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது, இரண்டு குரலிலும். மாத்தி மி இல்லை. "அ மாத்தி நாமு."

எங்க அம்மா.